வாசகர் கேள்வி–பதில்: கூடைப்பந்துப் பயிற்சியும் ஒரு பிழைப்பா?

கேள்வி: என் மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள், கல்லூரிக் கூடைப்பந்து அணியில் ஆடி வந்தாள். முழங்காலில் அடிபட்ட பிறகு, பயிற்சியாளர் ஆகப் போகிறேன் என்று பிடிவாதமாகச் சொல்கிறாள். காரணம் கேட்டால் பேட் சம்மிட் என்ற அமெரிக்கப் பெண்மணியைக் காட்டுகிறாள். அவர் யார்? அவரைப் பார்த்து எங்கள் வீட்டுப் பெண் ஆசைப்படுவது சரிதானா?
– ஒரு தாய், கோத்தகிரி

பதில்: பேட் சம்மிட், டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணியின் புகழ்பெற்ற பயிற்சியாளர். முழங்காலில் அடிபட்ட பெண் அந்தப் பெயரைச் சொல்வது தற்செயலாக இருக்காது. 1974-இல், கல்லூரியில் கடைசி ஆண்டு படிக்கும்போது சம்மிட்டுக்கும் முழங்காலில் பலத்த அடி பட்டது. அதோடு ஆட்டம் முடிந்தது என்று அவர் நினைக்கவில்லை.

டென்னசி மாநிலத்தில் 1952-இல் ஒரு பண்ணைக் குடும்பத்தில் பிறந்து, சகோதரர்களோடு வைக்கோல் பரணில் பந்து வீசிப் பழகியவர் அவர். உள்ளூர்ப் பள்ளியில் பெண்களுக்கு அணி இல்லை என்பதற்காக, அணி உள்ள பள்ளியின் எல்லைக்குள் அந்தக் குடும்பமே வீடு மாற்றிக்கொண்டு போயிற்று. சகோதரர்களுக்கு விளையாட்டு உதவித்தொகை கிடைத்தது. பெண்களுக்கு அன்று அப்படி ஒன்று இல்லாததால், இவருடைய கல்லூரிச் செலவைப் பெற்றோரே ஏற்றார்கள்.

டென்னசி பல்கலைக்கழகத்தில் உதவிப் பயிற்சியாளராகச் சேர வந்தவருக்கு, தலைமைப் பயிற்சியாளர் விலகிக்கொண்டதால் அந்தப் பொறுப்பே வந்து சேர்ந்தது. அப்போது அவருக்கு வயது 22. அணியில் சிலர் அவரைவிட ஒரு வயதுதான் இளையவர்கள். மாதச் சம்பளம் 250 டாலர். வெளியூர் ஆட்டத்துக்கு வேனை அவரே ஓட்டினார், வீராங்கனைகளின் சீருடைகளை அவரே துவைத்தார், இடையில் முதுகலைப் பட்டத்துக்கும் படித்தார், அடிபட்ட காலையும் தேற்றிக்கொண்டார். முதல் ஆட்டத்தில் அவரது அணி ஒரே ஒரு புள்ளியில் தோற்றது. 1976-இல் மான்ட்ரியலில் பெண்கள் கூடைப்பந்து முதன்முறையாக ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டபோது, அதே முழங்காலோடு அமெரிக்க அணியில் ஆடி வெள்ளிப் பதக்கம் பெற்றார். 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் அவர் பயிற்றுவித்த அணி தங்கம் வென்றது.

தேசியக் கல்லூரிப் போட்டியின் சாம்பியன் பட்டம் அவருக்கு முதன்முதலில் கிடைத்தது 1987-இல்தான். மொத்தம் எட்டுப் பட்டங்கள், 38 ஆட்டப் பருவங்கள், 1,098 வெற்றிகள் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். உங்கள் மகள் கவனிக்க வேண்டியவை, பட்டம் எதுவும் இல்லாத அந்த முதல் பன்னிரண்டு பருவங்கள் என்பேன். இன்னொன்றும் உண்டு. அவருடைய வீராங்கனைகள் வகுப்பைத் தவறவிடக் கூடாது, முதல் மூன்று வரிசைகளுக்குள்தான் உட்கார வேண்டும் என்பது கண்டிப்பான விதி. அவரிடம் ஆடும் காலத்தை முழுமையாக முடித்த வீராங்கனைகள் அனைவரும் படிப்பில் பட்டம் பெற்றார்கள். நம் ஊரில் அணியில் சேர்ந்தால் படிப்பு கெட்டுவிடும் என்று அஞ்சும் பெற்றோருக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. நினைவிழப்பு நோய் இருப்பதாக 2011-இல் தெரியவந்ததும் அதை வெளிப்படையாக அறிவித்துவிட்டு, மேலும் ஒரு பருவம் பணியாற்றி விலகினார், 2016-இல் காலமானார்.

பிழைப்பைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கல்லூரிகளில் கூடைப்பந்துக்கென்றே சம்பளத்துக்குப் பயிற்சியாளர் இருக்கிறார். நம் கல்லூரிகள் பெரும்பாலானவற்றில் உடற்கல்வி இயக்குநர் ஒருவரே கபடி முதல் தடகளம் வரை அனைத்தையும் பார்த்துக்கொள்கிறார். அந்தப் பதவிக்குப் பொதுவாக உடற்கல்வியில் முதுகலைப் பட்டமும், நெட் அல்லது செட் என்னும் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும். கூடைப்பந்து ஒன்றிலேயே ஊன்ற விரும்பினால் பட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்சியாளர் பட்டயப் படிப்பு இருக்கிறது. சென்னை நந்தனத்தில் 1920-இல் தொடங்கப்பட்ட ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியும் நல்ல வாசல்தான். மருத்துவர் ஒப்புதல் தந்தால் மகள் இரண்டாண்டு ஆடிக்கொண்டே படிக்கட்டும், தடுக்காதீர்கள்.

கேள்வி: நான் கல்லூரி அணியில் மாற்று வீரன்தான், பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். சிறந்த ஆட்டக்காரர்தான் சிறந்த பயிற்சியாளர் ஆக முடியுமா?
– கல்லூரி மாணவர், கூடலூர்

பதில்: 1891-இல் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித், கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராக 55 ஆட்டங்களில் வென்று 60-இல் தோற்றார், அங்கே வெற்றியைவிடத் தோல்வி அதிகமான ஒரே பயிற்சியாளர் அவர்தான். அவரிடம் ஆடிய ஃபாக் ஆலன் அதே கல்லூரியில் புகழ்பெற்ற பயிற்சியாளர் ஆனார். ஆலனின் 1952-ஆம் ஆண்டுச் சாம்பியன் அணியில் உங்களைப் போல் பெஞ்சிலேயே அதிக நேரம் இருந்த டீன் ஸ்மித், பின்னர் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராக 36 ஆண்டுகளில் 879 வெற்றிகளைக் குவித்தார். இதற்கு நேர்மாறானவர் ஜான் வுடன். ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் கூடைப்பந்துப் புகழ் மண்டபத்தில் இடம்பெற்ற முதல் மனிதர் அவரே. பள்ளியில் ஆங்கில ஆசிரியராக இருந்த அவர், கொப்புளம் வராமல் காலுறையைச் சுருக்கமின்றி எப்படி அணிவது என்பதிலிருந்தே ஒவ்வொரு பருவத்தையும் தொடங்குவார். அவருக்கும் யு.சி.எல்.ஏ.-வில் (லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம்) முதல் சாம்பியன் பட்டம் பதினாறாவது பருவத்தில்தான் கிடைத்தது. பெஞ்சில் இருப்பவருக்கு எதிரணி முழுவதையும் பார்க்க நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் கைப்பேசியை நோண்டாமல் இருந்தால் போதும்.

கேள்வி: முன்பு கல்லூரி அணியில் ஆடியவன் நான். உதகையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வார இறுதியில் இலவசமாகப் பயிற்சி அளிக்க விரும்புகிறேன். முதலில் எதைக் கவனிப்பது?
– வாசகர், உதகமண்டலம்

பதில்: பந்தை. உதகையில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு. ஆகவே மேட்டுப்பாளையத்தில் சரியாகக் காற்றடித்த பந்து, மலை ஏறியதும் இறுகித் துள்ளும். மேலே உள்ள குளிர் அதைச் சற்றே தணிக்குமே தவிர முழுதும் சரிசெய்யாது. ஊசியும் அழுத்தமானியும் கையில் வைத்துக்கொண்டு, காலையில் களத்திலேயே காற்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பந்து கையில் நிற்கவில்லை என்றால், அவர்களைத் திட்டுவதற்கு முன் பந்தை அழுத்திப் பாருங்கள். சிறுவர்களுக்கு ஐந்தாம் எண் பந்தும், பெண்களுக்கு ஆறாம் எண்ணும் பொருந்தும். பெரிய ஆண்களுக்கான ஏழாம் எண் பந்தை எல்லாருக்கும் கொடுத்துவிடுகிற வழக்கம் இங்கே அதிகம். வளையத்தின் உயரம் 3.05 மீட்டர்; பத்து வயதுப் பிள்ளைக்கு அதைத் தாழ்த்திக் கட்ட முடிந்தால் எறியும் முறை கெடாது.

மழை, மூடுபனிக் காலத்தில் சிமென்ட் களம் வழுக்கும். தண்ணீரைத் தள்ளிவிட்டு ஈரம் காயும் வரை ஓட்டமும் லே-அப்பும் (ஓடி வந்து வளையத்தின் அருகே தாவிப் பந்தைப் போடுவது) வேண்டாம். கூரைக்கு அடியில் நின்ற இடத்தில் பாஸ் கொடுத்துப் பழகட்டும். சமவெளியிலிருந்து அணி எதையாவது ஆட அழைத்தால், உயரத்தில் அவர்களுக்கு வழக்கத்தைவிட விரைவில் மூச்சு வாங்கும் என்பதை மனத்தில் வையுங்கள்.