ட்ரிப் ஆகிறதென்று கழற்றலாமா? கேஸ், கரண்ட் கேள்வி–பதில்

நான்கு நாளாக ராத்திரியில் சமையலறையில் லேசாக கேஸ் வாசனை. எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டால் போய்விடுகிறது. வேறு ஏதாவது செய்யணுமா?
– ஒரு வாசகி, சயான் கோலிவாடா

நான்கு நாளா! அம்மா, இதைக் கடிதத்தில் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கலாமா? இப்போதே ரெகுலேட்டரை மூடிவிட்டு, வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள். சிலிண்டர் கசிவுக்கென்றே இரவு பகலாக இருக்கும் எண் அது. பைப் கேஸ் என்றால் வால்வை மூடுங்கள், பில்லிலேயே அவசர எண் இருக்கும். ஃபேன் சுவிட்சைத் தட்டும்போது உள்ளே சின்னப் பொறி பறக்கும், கசிந்த கேஸுக்கு அது போதும். வாசனை வந்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, எரிகிற லைட்டை அணைக்கவும் கூடாது. சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தவழும்; அது வெளியேற வாசல் கதவு திறந்திருக்க வேண்டும். பைப் கேஸ் லேசு, மேலே ஏறும், அதற்கு வென்டிலேட்டர்.

சிலிண்டரில் சி-26 என்று எழுதியிருக்கிறது. கேஸ் எக்ஸ்பயரி ஆகிவிடுமா?
– தாராவி வாசகர்

கேஸ் கெட்டுப்போகாது. அது சிலிண்டரை மறுபடி சோதிக்க வேண்டிய கெடு. ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், அப்படியே மூன்று மூன்று மாதமாக டி வரை. சி-26 என்றால் 2026 செப்டம்பரோடு முடிகிறது. கெடு தாண்டிய சிலிண்டரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

மழை ஆரம்பித்ததிலிருந்து ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் கட் பண்ணும் சுவிட்ச்) தினமும் ட்ரிப். எலக்ட்ரீஷியன் வந்து அதை எடுத்துவிட்டு டைரக்டாகக் கொடுத்துவிட்டார். இப்போது பிரச்சினை இல்லை. எம்சிபி (கரண்ட் அளவுக்கு மீறினால் விழும் சுவிட்ச்) இருக்கிறதே, போதாதா?
– டோம்பிவிலி வாசகர்

போதாது. போதவே போதாது. இருபது வருஷமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எம்சிபி காப்பாற்றுவது வயரை, உங்களை அல்ல. 16 ஆம்பியர் எம்சிபி அதற்கு மேல் கரண்ட் போனால்தான் விழும். ஆளைக் கொல்ல அவ்வளவு வேண்டாம். ஒரு 9 வாட் எல்இடி பல்பு எடுக்கிற சுமார் 40 மில்லிஆம்பியர் நெஞ்சு வழியாகப் போனால் இதயம் நின்றுபோகலாம். எம்சிபிக்கு அது தெரியவே தெரியாது. ஆர்சிசிபி, ஃபேஸில் போன கரண்ட் அவ்வளவும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லிஆம்பியர் வேறு வழியில் போனால் கண் இமைப்பதற்குள் கட் பண்ணிவிடும். அந்த வேறு வழி உங்கள் பிள்ளையின் உடம்பாக இருக்கலாம்.

மாதுங்காவில் ஒரு வீட்டில் இந்த சுவிட்சுகள் இருக்கிற டிபி பாக்ஸைத் திறந்தேன். ஆர்சிசிபி தன் இடத்தில் அழகாக உட்கார்ந்திருந்தது, நெம்புகோலும் மேலே இருந்தது. டெஸ்ட் பட்டனை அமுக்கினேன், அசையவில்லை. மூடியைக் கழற்றினால், மேலே வருகிற வயரையும் கீழே போகிற வயரையும் ஒன்றாக முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். பாதுகாப்பு இருக்கிறதென்று நம்பி அந்தக் குடும்பம் மூன்று வருஷம் குளித்திருக்கிறது. கீசரைப் பிரித்தேன். எலிமென்ட்டின் உறை வெடித்து, பிளவில் பச்சையாகக் களிம்பு. சில நூறு ரூபாய்க்குப் புது எலிமென்ட் போட்டேன், ஆர்சிசிபியைச் சரியாக இணைத்தேன், அதற்கப்புறம் ட்ரிப் ஆகவில்லை.

உங்கள் வீட்டிலும் எங்கோ கசிவு இருக்கிறது. எல்லா எம்சிபியையும் இறக்குங்கள், எல்லா பிளக்கையும் உருவுங்கள். சிங்கிள் போல் எம்சிபி ஃபேஸை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் தொடர்பிலேயே இருக்கும். அதனால் பிளக்கை உருவியே ஆகவேண்டும். பிறகு ஆர்சிசிபியை ஏற்றி, ஒவ்வொன்றாகச் சேருங்கள். எதைச் சேர்த்ததும் விழுகிறதோ அதுதான் குற்றவாளி. பெரும்பாலும் கீசர், வாஷிங் மெஷின், இல்லாவிட்டால் மழையில் ஊறிய சுவரில் ஒரு பாயின்ட். ஒன்றும் சேர்க்காதபோதே விழுந்தால் வயரிங்கில் கோளாறு, லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டு மெக்கர் (வயரில் கசிவு இருக்கிறதா என்று அளக்கும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் முதல் வேலை, கழற்றியதை இன்றே திரும்ப மாட்டச் சொல்வது. கழற்றிய ஆளை மறுபடி வீட்டுக்குள் விடாதீர்கள். மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்கள்.

வீட்டில் ஷாக் அடிக்கிறது. தீர்வு கூறவும்.
– ஒரு வாசகர், இடம் குறிப்பிடவில்லை

எதைத் தொட்டால்? ஈரக்கையா, வெறுங்காலா? எர்த் இருக்கிறதா? ஒன்றும் எழுதாமல் நான் என்ன சொல்வது? மெயினை இறக்கிவிட்டு வயர்மேனைக் கூப்பிடுங்கள். மேலே டோம்பிவிலிக்காரருக்கு எழுதியதையும் படியுங்கள்.

பாத்ரூமில் கேஸ் கீசர் வைத்திருக்கிறோம். ஜன்னல் சின்னது, குளிருக்கு மூடிவிடுவோம். பரவாயில்லையா?
– செம்பூர் வாசகி

பரவாயில்லை என்று சொல்லவே மாட்டேன். மூடிய அறையில் கேஸ் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனையில்லை, நிறமில்லை. தலை சுற்றும், கதவைத் திறக்கக் கை எழாது. கீசரை வெளியே காற்றோட்டமான இடத்துக்கு மாற்றி, வெந்நீரை மட்டும் குழாயில் உள்ளே கொண்டுவாருங்கள். மாற்றும்வரை அடுப்பில் வெந்நீர் வைத்துக்கொள்ளுங்கள்.

புது மாடுலர் கிச்சன் போடுகிறோம். பைப் கேஸ் வால்வு அசிங்கமாகத் தெரிகிறது, கேபினட்டுக்குள் மூடிவிடலாமா?
– முலுண்ட் வாசகர்

கூடாது. கசிந்தால் கேபினட்டுக்குள்ளேயே தேங்கும், அவசரத்துக்கு வால்வு கைக்கு எட்டாது.

அடுப்பு ரப்பர் ட்யூப் ஏழு வருஷமாகிறது. விரிசல் இல்லை. மாற்றணுமா?
– அந்தோப்ஹில் வாசகி

ஐந்து வருஷத்துக்கே மாற்றியிருக்க வேண்டும். ஐஎஸ்ஐ முத்திரையுள்ள ஆரஞ்சு சுரக்ஷா ட்யூப், ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம். மாட்டியதும் இணைப்பில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி கிழித்துப் பார்க்காதீர்கள்.

கிங்ஸ் சர்க்கிள் பக்கம் கீழ்வீடு. தண்ணீர் ஏறினால் மெயினை எப்போது இறக்குவது?
– ஒரு வாசகர்

தண்ணீர் வாசல்படிக்கு வருமுன். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு மெயினைத் தொடாதீர்கள். அதற்குள் ஏறிவிட்டால் மின்வாரியத்துக்குப் போன் செய்து கட் பண்ணச் சொல்லுங்கள். வடிந்த பிறகு, காய்ந்துவிட்டது என்று நீங்களே போட்டுவிடாதீர்கள். வயர்மேன் மெக்கர் வைத்துப் பார்த்துச் சொன்ன பிறகு போடுங்கள்.