கம்போடியாவிலிருந்து அனுப்பும் வகுப்பறை வீடியோ கோத்தகிரியில் அம்மாவுக்கு இறங்கவில்லை – பதில்

வாட்ஸ்அப்பில் ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்புவதை விடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் வெட்டி, சாதாரண வீடியோவாகவே அனுப்புங்கள். டாக்குமெண்ட் சுருங்காது, நூறு எம்பி என்றால் நூறும் அப்படியே போகும். பள்ளத்தில் இருக்கும் தேயிலைத் தோட்ட லைன் வீட்டு சிக்னலுக்கு அது தாங்காது.

அம்மா டவுனுக்குப் போகும்போது அதே வீடியோவில் உள்ள அம்புக்குறியைத் தொடச் சொல்லிப் பாருங்கள். இறங்கிவிட்டால் சிக்னல்தான் காரணம். அங்கேயும் இறங்காவிட்டால் போனில் இடமில்லாமல் இருக்கலாம் (குட்மார்னிங் படங்களை முதலில் அழிக்கச் சொல்லுங்கள்!). 30 நாளைக்கு மேல் இறங்காமல் கிடந்ததை மறுபடி அனுப்பத்தான் வேண்டும்.

மற்ற நாட்களில் வாய்ஸ் மெசேஜ் போதும். ஒரு நிமிடப் பேச்சு ஒரு எம்பிகூட வராது. நேரடியாக அழைத்துப் பேச வேண்டுமென்றால், கம்போடியாவில் மாலை 7.30 என்பது கோத்தகிரியில் 6 மணி. இலை எடை போட்டு வீடு திரும்பியிருப்பார்.

ஒன்றில் மட்டும் கவனம். டாக்குமெண்டாகப் போகும் போட்டோவோடு, எடுத்த இடத்தின் விவரமும் சேர்ந்து போகலாம். கேமராவில் லொகேஷனை அணைத்துவிடுங்கள். பள்ளியும் பெற்றோரும் சம்மதிக்காமல் பிள்ளைகளின் முகத்தை அனுப்பாதீர்கள். சொந்தக்காரர் குரூப்புக்குப் போனது அடுத்த நிமிடமே யாருடைய ஸ்டேட்டஸிலாவது ஏறிவிடும். படம் வரையும் கைகள், கரும்பலகை, வரிசையாகக் கழற்றிவிட்ட செருப்புகள், இவற்றை எடுத்து அனுப்புங்கள்.