யாழ்ப்பாணத்தில் வைன் அறை: நிலத்தைத் தோண்ட வேண்டாம்

கேள்வி: பல வருடம் பிரான்சில் இருந்துவிட்டு இப்போது கொக்குவிலில் வீடு கட்டுகிறோம். அங்கே எங்கள் வீட்டுக்குக் கீழே வைன் வைக்க ஒரு நிலவறை இருந்தது. இங்கேயும் அப்படி ஒன்று கட்டி, நூறு போத்தல் அளவில் வைக்க விருப்பம். மேசன் "செய்யலாம்" என்கிறார். எப்படிக் கட்டுவது, எப்படிப் பராமரிப்பது?

பதில்: மேசன் கட்டித் தருவார். ஆனால் அறை குளிராது. நிலத்துக்குக் கீழே சில மீற்றர் போனால் வெப்பநிலை அந்த ஊரின் வருடச் சராசரியில் போய் நிற்கும். பிரான்சின் வைன் பகுதியான பூர்கோனில் அது 11 பாகை செல்சியசை ஒட்டியது, அதனால் அங்கே நிலவறைகள் சும்மாவே குளிர்ந்து கிடக்கின்றன. யாழ்ப்பாணத்தில் சராசரி 28 பாகை வரை வரும். விடியக்காலையில் அள்ளும் கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருப்பதும் இதனால்தான். போதாததற்கு, நமக்குக் கீழே இருப்பது வெடிப்பும் துவாரமுமான சுண்ணாம்புக் கல். மாரியில் கிணறுகள் நிரம்பி வரும்போது அந்தத் தண்ணீர் உங்கள் அறைக்குள்ளும் ஊறும். இங்கே குளிரைக் கரண்ட் கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

வைனுக்குத் தேவை 12–14 பாகை, அதைவிட முக்கியம் அது ஏறி இறங்காமல் இருப்பது. 10 பாகை கூடினால் உள்ளே நடக்கும் வேதிமாற்றங்களின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். பகலில் சூடேறி விரியும் வைன் தக்கையைத் தள்ளும், இரவில் சுருங்கும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். ஈரப்பதன் 60–70 வீதம், இருட்டு, அதிர்வின்மை ஆகியவை அதற்குப் பிறகுதான்.

எத்தனை போத்தலை உண்மையில் வருடக்கணக்கில் வைக்கப் போகிறீர்கள் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். கடையில் வாங்கும் வைனில் பெரும்பகுதி இரண்டு மூன்று வருடத்துக்குள் குடிப்பதற்கென்றே செய்யப்பட்டது. ரோசே, புரொசெக்கோ, பொஜொலே நூவோ எல்லாம் வைத்திருந்தால் கெடுமே தவிரத் தேறாது. நல்ல போர்தோ, பரோலோ, சொத்தேர்ன், விண்டேஜ் போர்ட் போன்றவற்றுக்குத்தான் இந்தச் செலவு தகும். அந்தக் கணக்கைப் போட்டதும் பலருக்கு நூறு நாற்பதாகிவிடும்.

நாற்பதோ நூறோ, கொம்பிரசர் உள்ள வைன் பிரிட்ஜ் போதும். மோட்டர் இல்லாத, சத்தம் போடாத தெர்மோஎலெக்ட்ரிக் ரகம் விலை குறைவு, ஆனால் அறையின் சூட்டிலிருந்து 10–15 பாகைதான் இறக்கும். பங்குனி, சித்திரையில் அறை 33 பாகை என்றால் உள்ளே 18க்குக் கீழே போகாது. வாங்கும்போது உள்பக்கத்து ஸ்டிக்கரில் காலநிலை வகுப்பைப் பாருங்கள். 'என்' (N) என்றால் 32 பாகை அறைச் சூடு வரைக்கும்தான், நமக்கு 'ரி' (T) வேண்டும், அது 43 வரை தாங்கும். "100 போத்தல்" என்று எழுதியிருப்பது ஒடுங்கிய போர்தோ போத்தலை வைத்துப் போட்ட கணக்கு. வயிறு பருத்த பூர்கோன், ஷாம்பெயின் போத்தல்களும் இருந்தால் நாலில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள்.

குசினியிலும் மேற்குச் சுவரோடும் வைக்க வேண்டாம். தண்ணீர் மோட்டருக்குப் பக்கத்திலும் கூடாது. பின்னால் 10 சென்ரிமீற்றராவது இடைவெளி விடுங்கள், படிக்குக் கீழே அடைத்து வைத்தால் தன் சூட்டையே திரும்ப இழுத்துக் கொம்பிரசர் எரியும். தனிப் பிளக், எர்த், நேரத் தாமதம் உள்ள ஸ்டெபிலைசர் மூன்றும் கட்டாயம். கரண்ட் போய் உடனே வரும்போதுதான் கொம்பிரசர்கள் சாகின்றன. நிறைந்த பிரிட்ஜ் சில மணி நேர மின்வெட்டைத் தாங்கும், கதவைத் திறந்து திறந்து பார்க்காவிட்டால்.

செலவைக் குறைக்க இன்னொரு வழி, பழைய ஒற்றைக் கதவுப் பிரிட்ஜ். அதன் சொந்தக் குமிழை முழுக்குளிரில் வைத்து, பிளக்குக்கு முன்னால் டிஜிட்டல் வெப்பநிலைக் கட்டுப்படுத்தி ஒன்றை மாட்டுங்கள். அதில் 13 பாகை, வித்தியாசம் 2 (அவ்வளவு சூடேறினால்தான் மோட்டர் மீண்டும் ஓடும்), கொம்பிரசர் தாமதம் 5 நிமிடம் என்று அமையுங்கள். உணரியைக் காற்றில் தொங்கவிடாமல் தண்ணீர் நிரப்பிய அரை லீற்றர் போத்தலுக்குள் விடுங்கள். காற்றில் விட்டால் கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் மோட்டர் ஓடும். இன்வேட்டர், புரொஸ்ட் ஃப்ரீ பிரிட்ஜ்களில் இதைச் செய்யாதீர்கள், அடிக்கடி கரண்டை வெட்டினால் உள்ளே உள்ள மின்னணு போர்ட் குழம்பும். நிறைந்த போத்தல் ஒன்று 1.2 கிலோவுக்கு மேல், ஆகவே கண்ணாடித் தட்டை எடுத்துவிட்டு மரச்சட்டம் போடுங்கள்.

தனி அறைதான் வேண்டும் என்றால் சுவர், கூரை, தரை எல்லாவற்றுக்கும் 100 மில்லிமீற்றர் இன்சுலேஷன் போர்ட், சூடான வெளிப்பக்கமாகப் பொலித்தீன் ஈரத்தடுப்பு, ரப்பர் விளிம்புள்ள கனத்த கதவு, வைன் அறைக்கென்றே செய்த குளிரூட்டி எல்லாம் வேண்டும். சாதாரண ஏசி 16 பாகையோடு நின்றுவிடும், காற்றையும் காயவைக்கும். பொலித்தீனை உள்பக்கம் போட்டால் வெளிக்காற்றின் ஈரம் போர்டுக்குள் தண்ணீராகித் தங்கும், பிறகு பூஞ்சணம்தான். முந்நூறு போத்தலுக்குக் குறைவாக இருந்தால் இந்த வேலைக்கு இறங்காதீர்கள்.

ஈரமானியை வாங்கியபடி நம்ப வேண்டாம். சோடா மூடி ஒன்றில் ஆனையிறவு உப்பைக் கொட்டி, சேறாகும் அளவுக்கு மட்டும் சில துளி தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்துப் பொலித்தீன் பைக்குள் இறுகக் கட்டி ஓர் இரவு வையுங்கள். காலையில் 75 வீதம் காட்ட வேண்டும். 70 காட்டினால் எப்போதும் 5 கூட்டி வாசியுங்கள். உள்ளே 50க்குக் கீழே போனால் ஒரு கிண்ணம் தண்ணீர் வைக்கலாம். 80 தாண்டினால் லேபிளில் பூஞ்சணம் பிடிக்கும், வைனுக்கு ஒன்றும் ஆகாது.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பிளக்கைக் கழற்றிவிட்டுப் பின்பக்கக் கம்பியின் தூசியைத் தூரிகையால் தட்டுங்கள். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் தூசியோடு உப்பும் படிந்து கறள் சீக்கிரம் பிடிக்கும். கதவு ரப்பரில் ஒரு தாளை இடுக்கி இழுத்துப் பாருங்கள், சும்மா வழுகி வந்தால் ரப்பர் போய்விட்டது. பின்பக்கத் துவாரங்களுக்கு மெல்லிய வலை அடியுங்கள். பல்லி மின்னணு போர்டில் ஏறிச் சோர்ட் ஆக்கும்.

தக்கைப் போத்தலைப் படுக்க வையுங்கள், திருகுமூடி எப்படியும் இருக்கலாம். தக்கை மேலே எழும்பியிருந்தால், கழுத்தில் பிசுபிசுப்பு இருந்தால், அந்தப் போத்தல் எங்கேயோ வெந்திருக்கிறது. அதை வைத்திருக்காமல் முதலில் திறவுங்கள், ஜாம் காய்ச்சிய மணம் வந்தால் சமையலுக்கு.

கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து ஏழெட்டு மணித்தியாலம் வான் வண்டியின் பின்பக்கத்தில் கிடந்து வரும்போதும் அப்படி வெந்துவிடும். மீன் ஏற்றும் றெஜிபோம் பெட்டி ஒன்றில் போத்தல்களைத் துவாயால் சுற்றி அடுக்கி, கட்டிய பைக்குள் ஐஸ் வைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, ஏசி படும் இருக்கைப் பக்கத்தில் ஏற்றுங்கள். பெட்டி புதிதாக இருக்கட்டும்.