கம்ப்யூட்டர் கேள்வி-பதில்: ஸ்டிக்கர் ஐ7, உள்ளே என்ன?

பெங்களூரு அல்சூரில் 22 வருடமாக கம்ப்யூட்டர் பழுதுபார்க்கிறேன். இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய டெஸ்க்டாப் பற்றியவை. மூன்றை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மகள் பி.காம். சேர்ந்திருக்கிறாள். எஸ்.பி. ரோட்டில் ஒரே கடையில் இரண்டு பழைய டெல் பெட்டிகளைக் காட்டினார்கள். ஐ7-4770 உள்ளது 9,500 ரூபாய். ஐ5-8500 உள்ளது 13,000. ஐ7 தானே உசத்தி? அது ஏன் விலை குறைவு? (ஸ்ரீராமபுரத்திலிருந்து ஒரு தாய்)

பதில்: அம்மா, 13,000 ரூபாய் பெட்டியையே எடுங்கள். ஐ5, ஐ7 என்பதெல்லாம் இன்டெல் பிராசஸரின் (கம்ப்யூட்டரின் மூளை) பெயர்கள், ரயிலில் வகுப்பு மாதிரி. அது எந்தக் காலத்து ரயில் என்பதைப் பின்னால் வரும் எண்தான் சொல்லும். 4770 என்றால் நான்காம் தலைமுறை, 2013-இல் வந்தது. 8500 எட்டாம் தலைமுறை, 2018. ஐந்து இலக்கமாக 10500 என்று இருந்தால் பத்தாம் தலைமுறை. பழைய ஐ7-இல் நான்கு கோர் (பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி), இந்த ஐ5-இல் ஆறு.

வேகம்கூட இரண்டாம்பட்சம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறையான அனுமதி, ஏழாம் தலைமுறையில் ஒன்றிரண்டு விதிவிலக்கு உண்டு. கடைக்காரர் நான்காம் தலைமுறைப் பெட்டியிலேயே விண்டோஸ் 11 ஓடுவதைக் காட்டுவார். நிஜமாகவே ஓடும். விண்டோஸ் செய்யும் தகுதிச் சோதனையைத் தாண்டிப் போகிற வழியில் ஏற்றியிருப்பார்கள், நானும் ஏற்றியிருக்கிறேன். ஆனால் அப்படி ஏற்றியதற்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. மூன்று வருடப் படிப்புக்கு வாங்குகிற பெட்டியில் அந்த வம்பு எதற்கு?

எஸ்.பி. ரோட்டில் வரும் சரக்கில் பெரும்பங்கு ஆபீஸ்கள் மொத்தமாகக் கழித்துவிடுகிற லாட். ஏ.சி. அறையில், யு.பி.எஸ். கரண்டில் வளர்ந்த பிள்ளைகள். மதர்போர்டு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அடிபட்டிருப்பது ஹார்ட் டிஸ்க்தான். இரவு பகல் அணைக்காமல் ஐந்து வருடம் ஓடியிருந்தால் கிட்டத்தட்ட 43,800 மணி நேரம். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டால் அந்த மணிக்கணக்கு அப்படியே தெரிந்துவிடும்.

கடையில் நின்றபடி கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில் பிராசஸரின் முழுப்பெயர் இருக்கும். வெளியே ஐ7 ஸ்டிக்கரும் உள்ளே ஐ3-யுமாக வந்த பெட்டி என் மேஜைக்கே வந்திருக்கிறது. அதே பக்கத்தில் மெமரியைத் தொட்டால் எத்தனை ஸ்லாட்டில் ராம் (தற்காலிக நினைவகம்) இருக்கிறது என்று காட்டும். 8 ஜி.பி. ஒரே குச்சியாக இருந்தால் நல்லது, நாளைக்கு இன்னொன்று செருகலாம். அப்புறம் அணைத்துவிட்டு ஆன் செய்யும்போதே எஃப்2 தட்டிப் பயாஸுக்குள், அதாவது விண்டோஸுக்கு முன்னால் வரும் அடிப்படை அமைப்புப் பக்கத்துக்குள், போய்ப் பாருங்கள் (எச்.பி. என்றால் எஃப்10). பாஸ்வேர்டு கேட்டால், பழைய ஆபீஸ் போட்ட பூட்டு இன்னும் கிடக்கிறது என்று அர்த்தம்; “அது ஒண்ணும் பிரச்சனை இல்லீங்க” என்று கடைக்காரர் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: வீட்டில் டெல் ஆப்டிபிளெக்ஸ் 7020, படுத்த வாக்கில் வைக்கிற சின்னப் பெட்டி. பையன் கேம் விளையாட கிராஃபிக்ஸ் கார்டும் 650 வாட் பவர் சப்ளையும் கேட்கிறான். போடலாமா? (ஆர்.டி. நகரிலிருந்து ஒரு அப்பா)

பதில்: பவர் சப்ளை போட முடியாது சார். இதை நான் சொந்தக் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். ஒரு வாடிக்கையாளருக்காக 500 வாட் ஒன்று வாங்கி வந்து மூடியைத் திறந்தால், சப்ளையின் பிளக்கில் 24 பின், போர்டின் சாக்கெட்டில் 8 பின். அதற்கு இணைப்பு ஒயர் தனியாகக் கிடைக்கும், சரி. ஆனால் அந்தச் சின்னப் பெட்டிக்குள் சாதாரண அளவு சப்ளை உட்காரவே உட்காராது. அந்த 500 வாட் இன்றைக்கும் என் மேஜைக்கு அடியில் கிடக்கிறது, ஃபேன் சோதித்துப் பார்க்கத்தான் உதவுகிறது.

உங்கள் பெட்டியில் இருப்பது 255 வாட். கார்டுக்கென்று தனி பவர் ஒயர் அதில் கிடையாது. ஸ்லாட் தருகிற கரண்டே போதும் என்கிற, உயரம் குறைந்த கார்டுதான் சரிப்படும். ஜி.டி. 1030 சுமார் 30 வாட்தான் கேட்கும். ஆனால் அதே பெயரில் இரண்டு விதம் உண்டு. ஜி.டி.டி.ஆர்.5 மெமரி உள்ளதை வாங்குங்கள். டி.டி.ஆர்.4 போட்டது அட்டைப்பெட்டியில் ஒரே மாதிரி இருந்தாலும் விளையாட்டில் நன்றாகவே பின்தங்கும். பையன் கேட்பது புதிய பெரிய கேம் என்றால் இந்தப் பெட்டியில் செலவு செய்யாதீர்கள். நின்ற வாக்கில் இருக்கும் டவர் பெட்டியாகப் பாருங்கள்.

கேள்வி: 2011-இல் வாங்கிய ஐ3 கம்ப்யூட்டர். தினமும் காலையில் தேதி பல வருடம் பின்னால் போய் நிற்கிறது. பேங்க் பக்கம் திறக்க மறுக்கிறது. பேத்தி கல்யாணப் படங்கள் எல்லாம் இதில்தான். தூக்கிப் போட்டுவிடலாமா? (கே.ஆர். புரத்திலிருந்து ஒரு தாத்தா)

பதில்: ஐயா, தூக்கிப் போட வேண்டாம். போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற காசு போன்ற பேட்டரி தீர்ந்திருக்கிறது. கரண்ட் ஒயரைப் பிடுங்கிவிட்டு, பழையதை எடுத்து, எழுத்து மேலே தெரிய புதியதை வையுங்கள். தேதி தவறாக இருந்தால் இணையப் பக்கத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் நினைத்துக்கொள்கிறது. பேங்க் பக்கம் திறக்காததற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

அதோடு ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வேகமான ஒரு சாட்டா எஸ்.எஸ்.டி. போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் ஏற்றினால் செய்தி படிக்க, யூட்யூப் பார்க்க இன்னும் சில காலம் ஓடும். தமிழ்99 விசைப்பலகையும் அதில் கிடைக்கும். எஸ்.எஸ்.டி.-க்குக் கொடுத்த காசு வீண் போகாது, அடுத்த பெட்டிக்கு மாற்றிக்கொள்ளலாம். உங்கள் பெட்டிக்கான டி.டி.ஆர்.3 ராமை அப்படி மாற்ற முடியாது, டி.டி.ஆர்.4 ஸ்லாட்டில் அது நுழையாது. அதனால் ராம் சேர்ப்பதானால் பழையதாகவே வாங்குங்கள்.

இதெல்லாம் செய்வதற்கு முன்னால் கல்யாணப் படங்களை ஒரு பென் டிரைவிலும் மகன் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் நகல் எடுத்துவிடுங்கள். பேட்டரி மாற்றிய பிறகும் தேதி பின்னாலேயே போனால் கோளாறு போர்டில். அப்புறம் அதற்குப் பத்து ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்.