அரிதான புனிதர் பெயர்கள்: பெற்றோரின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (வள்ளியூர்): ஐயா, மகனுக்குத் தேவசகாயம் என்று பெயரிட விரும்புகிறோம். வீட்டில் உள்ளவர்களோ அது மிகப் பழைய பெயர் என்று தயங்குகிறார்கள். தங்கள் கருத்து என்ன?

பதில்: தயங்காமல் சூட்டுங்கள். 1712-இல் நட்டாலத்தில் நீலகண்ட பிள்ளையாகப் பிறந்து, திருவிதாங்கூர் அரண்மனையில் பணியாற்றி, டச்சுத் தளபதி டிலனாய் சொன்ன யோபுவின் வரலாற்றைக் கேட்டு மனம் மாறிய அவர், 1745-இல் ஞானஸ்நானம் பெற்றது உங்களுக்கு அருகிலுள்ள வடக்கன்குளத்தில்தான். லாசர் என்னும் விவிலியப் பெயரே அங்கு அவருக்குத் தேவசகாயம் என்று தமிழில் வழங்கப்பட்டது. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட அவரைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2022 மே 15 அன்று புனிதராக அறிவித்தார். நம் மண்ணில் ஞானஸ்நானம் பெற்ற ஒரு புனிதரின் பெயரை நம் பிள்ளைகளே தாங்காவிட்டால் வேறு யார் தாங்குவார்கள்? அவருடைய மனைவி பார்கவி ஏற்ற ஞானப்பூ என்ற பெயரையும் பெண் குழந்தை உள்ளவர்கள் எண்ணிப் பார்க்கலாம். அந்த அழகான பெயர் வழக்கொழிந்து போவது எனக்கு வருத்தமே.

கேள்வி (பாளையங்கோட்டை): எங்கள் மகள் மே 22 அன்று பிறந்தாள். அந்த நாளுக்குரிய, அதிகம் கேள்விப்படாத பெயர் ஏதும் உண்டா?

பதில்: அது புனித கித்தேரியம்மாளின் திருநாள். போர்ச்சுகல், ஸ்பெயின் நாடுகளில் வெறிநாய்க்கடிக்கு அவரிடம் மன்றாடும் வழக்கம் உண்டு. வீரமாமுனிவர் அவர்மீது ‘கித்தேரியம்மாள் அம்மானை’ பாடியிருப்பதால், இப்பெயர் தமிழுக்கு அந்நியமானதன்று. பள்ளிப் பதிவேட்டுக்குக் கித்தேரி என்பதே போதும்.

கேள்வி (திசையன்விளை): என் பூட்டனார் பெயர் எஸ்தாக்கி. அதை மகனுக்கு வைக்க நினைத்தோம். ஆனால் அந்தப் புனிதரைத் திருச்சபை நீக்கிவிட்டது என்கிறார்களே?

பதில்: 1969-இல் செய்த சீர்திருத்தத்தில் அவருடைய நினைவுநாள் பொது நாட்காட்டியிலிருந்து எடுக்கப்பட்டதே தவிர, அவர் பெயர் உரோமைப் புனிதர் பட்டியலில் இன்றும் செப்டம்பர் 20-ஆம் நாளில் இருக்கிறது. வேட்டைக்குப் போன உரோமைத் தளபதி ஒருவர், தாம் துரத்திய மானின் கொம்புகளுக்கிடையே சிலுவை ஒளிர்வதைக் கண்டு நின்றுவிட்டார் என்னும் அவருடைய கதையைப் பையனுக்குச் சிறு வயதிலேயே சொல்லிக்கொடுங்கள். வகுப்பில் யாராவது பெயரைக் கேலி செய்தால் அவனே பதில் சொல்லிக்கொள்வான்.

கேள்வி (சேரன்மகாதேவி): புனிதர் பெயர்தான் வைக்க வேண்டும் என்று கட்டாயம் உண்டா?

பதில்: இல்லை. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 855-ஆம் விதி, கிறிஸ்தவ உணர்வுக்கு அந்நியமான பெயரைத் தவிர்க்கும்படி மட்டுமே கூறுகிறது.

கேள்வி (இராதாபுரம்): ஞானஸ்நானம் வரை பெயரை முடிவு செய்யாமல் இருக்கலாமா?

பதில்: இருக்கலாம். பிறப்புப் பதிவில் 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம். அதன்பின் தாமதக் கட்டணம் செலுத்த வேண்டும். கோயில் பதிவேட்டிலும் பிறப்புச் சான்றிதழிலும் பெயர் ஒரே எழுத்தில் அமையுமாறு மட்டும் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.