தொழிற்சாலை சர்க்யூட் பிரேக்கரில் எந்தப் பாகங்களை மாற்ற வேண்டிவரும், ஏன்?

சர்க்யூட் பிரேக்கர் என்பது மின்னோட்டம் அளவு மீறினால் தானே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச். தொழிற்சாலைகளில் இருக்கும் பெரிய ஏர் பிரேக்கர்கள் ஆயிரக்கணக்கான ஆம்பியரைத் தாங்குபவை.

இவை தேய முக்கியக் காரணம் ஆர்க். முனைகள் பிரியும்போது மின்சாரம் உடனே நிற்பதில்லை. இடைவெளிக் காற்றின் வழியே பல ஆயிரம் டிகிரி வெப்பத்தோடு தாவும்; அதுதான் ஆர்க். அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளவே ஆர்க்கிங் கான்டாக்ட் என்று தனி முனை உண்டு. அது முதலில் தொட்டு, கடைசியில் பிரியும். சைக்கிள் பிரேக் கட்டை மாதிரிதான்: சக்கரம் தேயாமலிருக்கத் தான் தேய்கிறது.

பெரிய ஷார்ட் சர்க்யூட்டைத் துண்டித்த பிறகு இந்த முனையையும், ஆர்க்கைக் கூறுபோட்டு அணைக்கும் ஆர்க் சூட் (arc chute) என்ற பாகத்தையும் கட்டாயம் பார்க்க வேண்டும். வெள்ளி முனை கறுத்திருந்தால் பயம் வேண்டாம்; வெள்ளி ஆக்சைடும் மின்சாரத்தைக் கடத்தும். அரம் போட்டு ராவினால்தான் கெடும். ஆழமாகக் குழி விழுந்து, முனை மெலிந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

அப்புறம் ஒன்று, என்னைப் பொறுத்தவரை இதுவே முதல் விதி: மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டி, பிரேக்கரைத் திறந்து மூடும் ஸ்பிரிங்கின் விசையையும் விடுவித்த பிறகே உள்ளே கை வைக்க வேண்டும். முறுக்கேறிய ஸ்பிரிங் விரலை நசுக்கிவிடும்.

“எங்கள் பிரேக்கர் டிரிப்பே ஆனதில்லை, அதனால் நன்றாக இருக்கிறது” என்று பலர் நினைக்கிறார்கள்; உண்மையில் அசையாமல் கிடக்கும் பிரேக்கரில்தான் கிரீஸ் இறுகி, தேவைப்படும் நேரத்தில் அது தாமதமாகத் திறக்கும் அபாயம் அதிகம்.