வாசகர் கேள்வி: தெருவிளக்கும் ஊராட்சியின் மின்சாரமும்

கேள்வி: மின்கட்டணச் சுமையைக் காரணம் காட்டி எங்கள் ஊராட்சியில் இரவு 9 மணிக்கே தெருவிளக்குகளை அணைத்துவிடுவதால் பெண்கள் வெளியே செல்லவே அஞ்சுகிறோம். ஊராட்சி தானே மின்சாரம் உற்பத்தி செய்ய இயலாதா?
– வாசகி ஒருவர், தாராபுரம்

பதில்: இயலும். மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி அதை 2006-ஆம் ஆண்டிலேயே செய்து காட்டியது. தன் சேமிப்போடு வங்கிக் கடனையும் சேர்த்து, ஏறத்தாழ 1.55 கோடி ரூபாயில், 350 கிலோவாட் திறனுள்ள காற்றாலையை, காற்று வளம் மிகுந்த உடுமலைப்பேட்டைப் பக்கம் மைவாடியில் அது நிறுவியது. அங்கே உற்பத்தியாகும் மின்சாரம் மின்வாரியக் கம்பித்தடத்தில் சேர்ந்துவிட, ஓடந்துறையின் தெருவிளக்குகளும் குடிநீர் மோட்டார்களும் செலவிடும் அளவு கணக்கில் கழிக்கப்பட்டு, மிச்சம் வாரியத்துக்கே விற்கப்பட்டது. அந்த வருவாய் கடனை அடைக்கவும் உதவியது.

எல்லா ஊராட்சிகளுக்கும் காற்றாலை கட்டுப்படியாகாது. பழைய குழல்விளக்குகளை எல்.இ.டி.க்கு மாற்றினாலே கட்டணம் வெகுவாகக் குறையும். பேருந்து நிறுத்தம், பொதுக் கழிப்பறைக்குச் செல்லும் பாதை ஆகிய இடங்களில் சூரிய ஒளி விளக்குகளை முதலில் நட வேண்டும். ஆனால் அதுவரை விளக்குகளை அணைத்துச் சிக்கனம் செய்வதை நான் சிறிதும் ஏற்கவில்லை. இருள் சூழ்ந்த இடங்களைப் பட்டியலிட்டு, அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் தீர்மானமாகவே பதிவு செய்யக் கோருங்கள்.